மெழுகுவர்த்தியில் பாடம் சொன்ன மாமேதை மைக்கேல் பாரடே

சென்ற விடுமுறையில் பொந்தியானில் உள்ள என் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் இரவு திடீரென மின்சாரம் தடைப்பட்டது. அம்மா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மேசைமேல் வைத்தார். என்னிடம் பாடம் கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சிறுவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். அவன் அந்தச் சுடரையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சூடான காற்று மேல்நோக்கித்தான் போகும் என்றால் சுடருக்குக் கீழே இருக்கும் மெழுகு எப்படி உருகுகிறது என்று கேட்டான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வியும் வந்தது. நடுவில் மட்டும் குழியாக உருகுகிறதே, ஓரம் ஏன் சுவர்போல உருகாமல் நிற்கிறது, அக்கா என்றான்.

நான் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிப்பவள். வெப்பம் பரவும் மூன்று வழிகளையும் இடைநிலைப்பள்ளியில் கொண்டுக்சி, பெரோலாகான், சினாரான் என மலாய்மொழியில் மனப்பாடம் செய்தவள். அவற்றையே கண்டக்‌ஷன், கன்வெக்‌ஷன், ரேடியேஷன் என ஆங்கிலத்தில் எழுதி மதிப்பெண் பெற்றவள். ஆனால், கண்ணெதிரே எரியும் ஒரு மெழுகுவர்த்தியைக் காட்டி ஒரு சிறுவனுக்குத் தமிழில் விளக்க என்னால் முடியவில்லை. இறுதியில் நான் அவனிடம் சொன்ன பதில், இதெல்லாம் தேர்வில் வராது என்பதுதான். அவனும் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டான். அன்றிரவு அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை.

அந்தக் கேள்விகளுக்கு விடை தேடியபோதுதான் மைக்கேல் பாரடே என்னும் மாமேதையின் இன்னொரு முகத்தைக் கண்டேன். மின்சாரத் துறையின் தந்தையாக அவரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், அதே சிறுவன் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, சிறுவர்களுக்கு ஆறு நாள் பாடம் நடத்தியவரும் அவரே. அவருடைய வாழ்க்கையை நம் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லனின் மகன்

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இலண்டனின் தென்பகுதியில் இருந்த நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாரடே ஓர் இரும்புக் கொல்லர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். உலைக்களத்தில் கிடைத்த வருமானம் நான்கு பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்திற்குப் போதவில்லை. 1801-ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கும் நிலை ஏற்பட்டதாம். எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு அவரது பள்ளிப் படிப்பு முடிந்தது.

வெப்பத்தைப் பற்றி அவர் முதன்முதலில் கற்ற இடம் தந்தையின் பட்டறைதான் எனலாம். இரும்புக் கம்பியின் ஒரு முனையை உலையில் வைத்தால், சிறிது நேரத்தில் மறுமுனையும் கையைச் சுடும் என்பதைக் கொல்லன் வீட்டுப் பிள்ளைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

1804-இல், 13 வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஓராண்டில் ரீபோ அவரைப் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார். வழக்கமாகப் பெற வேண்டிய கட்டணத்தையும் அவர் கேட்கவில்லை. ஏழாண்டுப் பயிற்சி அது. மற்றவர்கள் புத்தகங்களைக் கட்டினார்கள். பாரடேயோ கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தார்.

அவற்றுள் இரண்டு நூல்கள் அவர் வாழ்க்கையையே மாற்றின. ஒன்று பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம். அதில் மின்சாரம் பற்றிய பகுதி அவரை ஈர்த்தது. மற்றொன்று ஜேன் மார்செட் என்னும் பெண்மணி 1806-இல் வெளியிட்ட வேதியியல் உரையாடல்கள் என்ற நூல். ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல் அமைந்த அந்நூலின் தொடக்கப் பகுதிகளிலேயே வெப்பத்தைப் பற்றிய உரையாடல்கள் வருகின்றன. மாணவிகள் கேட்கிறார்கள், ஆசிரியை செய்து காட்டி விளக்குகிறார். எளிய நடையில் எழுதப்பட்ட அந்த நூல்தான் பள்ளியை இழந்த ஒரு தொழிலாளச் சிறுவனுக்கு ஆசிரியராக அமைந்தது. தாம் புகழ்பெற்ற பின்பும் பாரடே அப்பெண்மணியைத் தம் முதல் ஆசிரியராகவே மதித்து வந்தார். பிற்காலத்தில் அவர் சிறுவர்களுக்குப் பாடம் சொன்ன முறைக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தது

அக்காலத்தில் இலண்டனில் அறிவியல் உரைகளைக் கேட்கக் கட்டணம் கட்ட வேண்டும். கொல்லராக வேலை செய்த அண்ணன் இராபர்ட், ஓர் உரைக்கு ஒரு ஷில்லிங் வீதம் தம்பிக்காகக் கொடுத்தார். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவருக்கு நுழைவுச்சீட்டுகள் தந்தார். அதைக் கொண்டு ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் சர் ஹம்பிரி டேவி ஆற்றிய உரைகளைக் கேட்டார் பாரடே. கேட்டவற்றை எல்லாம் படங்களோடு எழுதி, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி, டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார்.

அந்த நிறுவனம் 1799-இல் தொடங்கப்பட்டது. அதைத் தோற்றுவிக்க முன்னின்ற ரம்போர்டு பிரபு, பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது உண்டாகும் சூட்டை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பொருளன்று, அது ஓர் இயக்கமே என வாதிட்டவர். வெப்பத்தை ஆராய்ந்தவர் எழுப்பிய வீட்டிற்கு, உலைக்களத்து மகன் 1813 மார்ச் முதல் நாள் உதவியாளராக வந்து சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள்.

அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பியப் பயணம் கிடைத்தது. உதவியாளராகப் போனவர் வழியெல்லாம் வேலைக்காரனாகவும் நடத்தப்பட்டார். டேவியின் மனைவி அவரைத் தம்மோடு சமமாக உட்கார்ந்து உண்ணவும் விடவில்லை. அந்த அவமானத்தையும் பொறுத்துக்கொண்டு அவர் கற்றார். 1814-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பெரியதொரு குவிகண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து இருவரும் ஒரு வைரத்தையே எரித்தார்கள். வைரம் என்பது கரியே என்பதை உறுதிப்படுத்திய சோதனை அது. எந்தத் தீயும் தொடவில்லை. எந்தச் சூடான காற்றும் வீசவில்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சூரியனிலிருந்து வெற்றிடத்தின் வழியே வந்த வெப்பமே அந்த வேலையைச் செய்தது. நாம் வெப்பக் கதிர்வீச்சு என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

சுரங்கத்திற்குள் ஒரு விளக்கு

வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது உயிரைக் காக்கும் அறிவு என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டுகிறது. 1812-இல் இங்கிலாந்தின் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 92 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். சுரங்கத்தில் கசியும் வாயு, தொழிலாளர்கள் கொண்டுசென்ற விளக்கின் சுடர் பட்டு வெடிப்பது அன்று வழக்கமாக நிகழ்ந்த கொடுமை. 1815-இல் டேவி இதற்கு ஒரு பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அவருக்கு ஆய்வுக்கூடத்தில் துணைநின்றவர் பாரடே.

விளக்கின் தத்துவம் மிக எளிது. சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை. உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும். சுடரின் வெப்பம் வலை முழுவதும் பரவிப்போவதால், வலைக்கு வெளியே இருக்கும் வாயு தீப்பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை. ஒளி வெளியே வருகிறது. தீ உள்ளேயே நின்றுவிடுகிறது. குழம்புச் சட்டியில் கிடக்கும் எவர்சில்வர் கரண்டி நம் விரலைச் சுடுகிறதே, அதே வெப்பக் கடத்தல்தான் சுரங்கத்தில் மனிதனைக் காத்தது.

ஆயினும், சுரங்க விபத்துகள் ஓயவில்லை. 1844-இல் ஹாஸ்வெல் சுரங்கத்தில் ஆண்களும் சிறுவர்களுமாக 95 பேர் இறந்தபோது, அரசாங்கம் பாரடேயையும் நிலவியல் அறிஞர் சார்லஸ் லயலையும் விசாரணைக்கு அனுப்பியது. அங்கு ஒரு மூட்டையின்மேல் அவர் அமர்ந்திருந்தார். அருகில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வெடிமருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, அவர் உட்கார்ந்திருந்த மூட்டையே அதுதான் எனத் தெரியவந்ததாம். அறியாமை எத்தனை ஆபத்தானது என்பதை அவர் பக்கத்தில் இருந்தே உணர்ந்தார்.

பெரும் கண்டுபிடிப்புகள்

1821-இல் சாரா பார்னார்டு என்னும் மங்கையை மணந்த பாரடே, அதே ஆண்டில் மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். மின்மோட்டாரின் தொடக்கம் அதுவே. 1825-இல் பென்சீனைக் கண்டறிந்தார். 1831-இல் காந்தத்தின் துணையால் மின்சாரத்தை உண்டாக்கலாம் என நிறுவினார். இன்று நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தத் தத்துவத்தில் இயங்கும் மின்னாக்கிகளிலிருந்தே வருகிறது. அன்றிரவு பொந்தியானில் தடைப்பட்ட மின்சாரமும் அவர் தந்ததே. அப்போது ஏற்றிய மெழுகுவர்த்தியும் அவருடைய பாடமே என்று நினைக்கையில் எனக்கு வியப்பாக இருக்கிறது.

சிறுவர்களுக்கு ஒரு மேடை

1825-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில் இளையோருக்கான அறிவியல் உரைகள் தொடங்கப்பட்டன. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் பாரடே. 1827 முதல் 1860 வரை 19 முறை அவரே அவ்வுரைத் தொடர்களை நடத்தினார். பெரும் பேராசிரியர்கள் சிறுவர்களோடு பேசுவதைச் சிறுமையாகக் கருதலாம். இவரோ அதைத் தம் ஆண்டின் முக்கியக் கடமையாகக் கொண்டார்.

அவர் பிறவிப் பேச்சாளர் அல்லர். பேச்சுப் பயிற்சி ஆசிரியரிடம் பணம் கொடுத்துக் கற்றார். தாம் பேசும்போது ஏற்படும் குறைகளைக் குறித்துத் தருமாறு ஒரு நண்பரிடம் கேட்டுக்கொண்டார். வேகமாகப் பேசத் தொடங்கினால், மெதுவாகப் பேசு என்று எழுதிய அட்டையை உதவியாளர் முன்னே வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்குக் குழந்தைகள் இல்லை. எனினும் உறவுப் பிள்ளைகள் வீட்டிற்கு வந்துவிட்டால் அவர்களோடு குழந்தையாகவே மாறி விளையாடுவாராம்.

1855 டிசம்பரில் விக்டோரியா அரசியின் கணவர் தம் மகன்களில் இருவரை அழைத்து வந்து பாரடேயின் உரையைக் கேட்கச் செய்தார். ஒரு ரொட்டியை ஒரு வாரத்திற்கு வைத்துத் தின்ற கொல்லன் மகன் முன்னே இளவரசர்கள் மாணவர்களாக அமர்ந்தார்கள்!

மெழுகுவர்த்தியின் கதை

1848-இலும், பின்னர் 1860-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய தம் கடைசித் தொடரிலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு. ஆறு உரைகள். வில்லியம் குரூக்ஸ் அவற்றைத் தொகுத்து 1861-இல் நூலாக வெளியிட்டார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இன்றும் படிக்கப்படும் நூல் அது.

அந்நூலின் முதல் உரையிலேயே எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுவனின் கேள்விக்கு விடை இருந்தது. நான் புரிந்துகொண்டவாறு அதை எழுதுகிறேன்.

சுடர் எரியும்போது அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே போகிறது. அவ்விடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த காற்று மெழுகுவர்த்தியின் பக்கங்களை உரசிக்கொண்டு மேலே வருகிறது. இது வெப்பச் சலனம். இந்தக் குளிர்ந்த காற்றுதான் ஓரத்தை உருகவிடாமல் காக்கிறது. நடுப்பகுதிக்கு அந்தக் காவல் இல்லை. சுடரின் வெப்பம் கதிர்வீச்சாகக் கீழேயும் பாய்கிறது. சுடரில் உள்ள திரி வழியாகவும் உருகிய மெழுகு வழியாகவும் வெப்பம் கடத்தப்படுகிறது. ஆகவே, நடு உருகுகிறது, ஓரம் நிற்கிறது. ஓர் அழகிய கிண்ணம் தானாக உண்டாகிறது. உருகிய மெழுகு அதில் தேங்கி, திரியில் ஏறி, ஆவியாகி எரிகிறது. பக்கவாட்டில் காற்று வீசினால் கிண்ணத்தின் ஓரம் ஒரு பக்கம் உடைந்து மெழுகு வழிந்துவிடும். வெப்பம் பரவும் மூன்று வழிகளும் ஐந்து காசுக்கும் பெறாத ஒரு மெழுகுத் துண்டில் ஒன்றாக வேலை செய்கின்றன!

பாரடே இதைப் பலகையில் எழுதிக் காட்டவில்லை. வலுவான ஒளியின் முன் மெழுகுவர்த்தியை வைத்து, சுடருக்கு மேலே எழும் சூடான காற்றின் நிழலைத் திரையில் காட்டினார். சுடரின் நடுவே தாளை நொடிப்பொழுது பிடித்து, அதில் வட்ட வளையமாகக் கருகியதைக் காட்டி, சுடரின் சூடு நடுவில் இல்லை, விளிம்பில்தான் இருக்கிறது என்று புரியவைத்தார். முதலில் காட்சி, பிறகு கேள்வி, அதன் பின்னரே பெயர். நான் கற்றதோ இதற்கு நேர்மாறு. எனக்குப் பெயர்கள் முதலில் வந்தன; காட்சி வரவே இல்லை.

அணையும் சுடர்

1862 ஜூன் 20-ஆம் நாள் அவர் தம் கடைசி வெள்ளிக்கிழமை உரையை ஆற்றினார். அதன் பொருள் சீமென்ஸ் வடிவமைத்த வாயு உலை. வீணாக வெளியேறும் சூடான புகையைச் செங்கற்களின் வழியே செலுத்தி, அந்தச் செங்கற்களின் சூட்டால் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் உலை அது. உலைக்களத்தில் தொடங்கிய வாழ்க்கை உலையைப் பற்றிய உரையோடு மேடையை விட்டு இறங்கியது. அப்போது அவரது நினைவாற்றல் குறைந்திருந்தது. உரையின் நடுவே அவரது குறிப்புத்தாள்கள் தற்செயலாகத் தீப்பட்டுக் கருகின என்பதும் வரலாறு.

அதே ஆண்டு, இங்கிலாந்தின் புகழ்பெற்ற பள்ளிகளை ஆராய்ந்த அரசு ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். அப்பள்ளிகளில் அன்று கிரேக்கமும் இலத்தீனும்தான் கல்வி, அறிவியலுக்கு இடமில்லை. எளிய விளக்கத்தோடு சோதனையைச் செய்து காட்டினால் அதைப் புரிந்துகொள்ள முடியாத சிறுவனைத் தாம் இதுவரை கண்டதில்லை என்னும் கருத்தை அவர் அங்கே எடுத்துரைத்தார். 70 வயதைக் கடந்த நிலையிலும் அவர் கவலைப்பட்டது பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காக.

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்து, கடைசிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே வாழ்ந்த அவர், 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே காலமானார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் உரைகளை அவருடைய நண்பர் ஜான் டிண்டால் நடத்தினார். அவர் சிறுவர்களுக்காகத் தேர்ந்தெடுத்த தலைப்பு வெப்பமும் குளிரும். ஆசான் மறைந்தாலும் பாடம் நிற்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

தமிழிலும் இத்தகைய பணி நடந்திருக்கிறது. பெ. நா. அப்புசாமி (1891–1986) தொழிலால் வழக்கறிஞர். 1917 முதல் தமிழில் அறிவியல் எழுதத் தொடங்கி, முதுமை வரை சிறுவர்களும் படிக்கும்படி எழுதி வந்தார். ஆகவே, தமிழில் சொல்ல முடியாது என்பது மொழியின் குறையன்று. என்னைப் போன்றவர்கள் முயலாததன் குறை.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுத் தேசியப் பள்ளிக்குப் போன நம்மில் பலருக்கு அறிவியல் மலாயில் ஒரு பெட்டியிலும், ஆங்கிலத்தில் ஒரு பெட்டியிலும் பூட்டிக் கிடக்கிறது. தமிழ்ப் பெட்டி பன்னிரண்டு வயதோடு மூடப்பட்டுவிட்டது. அதைத் திறக்காவிட்டால் நமக்குப் பெரிய நட்டமில்லை. நாம் பட்டம் வாங்கிவிடுவோம். ஆனால், நமக்குப் பின்னால் வரும் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவான். அன்றிரவு நான் அதைத்தான் செய்தேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவனை அழைத்து மீண்டும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஒரு கையைச் சுடருக்கு மேலே உயரத்திலும், மறு கையைப் பக்கவாட்டிலும் பிடிக்கச் சொன்னேன். மேலே இருந்த கையை உடனே இழுத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த கைக்கு இதமான சூடு மட்டுமே. காற்று ஏறி வருவது ஒன்று, காற்றின் துணையின்றிப் பாய்ந்து வருவது மற்றொன்று என்று அவனே பிரித்துச் சொன்னான். கிண்ணத்தின் கதையை நான் சொன்னேன். மாலையில் பொந்தியான் கடற்கரைக்கு நடந்தபோது, பகலில் நிலம் சூடாகி அதன்மேல் உள்ள காற்று எழும்புவதால்தான் கடலிலிருந்து நம்மேல் காற்று வீசுகிறது என்றேன். அப்படியென்றால் நம் ஊரே ஒரு மெழுகுவர்த்தியா, அக்கா என்று அவன் கேட்டான்.

இந்தக் கேள்வியும் தேர்வில் வராது. ஆனால், இம்முறை நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது உங்கள் பக்கத்து வீட்டிலும் ஒரு சிறுவனோ சிறுமியோ இருப்பார்கள். பக்கத்தில் நீங்கள் அமர்ந்துகொண்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவையுங்கள். முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கட்டும். பெயர்களைப் பிறகு சொல்லலாம்.